ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை

எங்கள் தோட்டத்தில் கொரோனா ஊசியை எதிர்த்து முதலில் நின்றவள் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள். போன மாதம் பதுளையில் இருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஓர் ஆள் எழும்பி எனக்கு இடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம், "ஆத்தா லேசுப்பட்ட ஆளில்ல. ஊசி போடமாட்டேன்னு தொரையையே ஆட்டி வச்சது" என்றார். எனக்கு அந்த சீட்டில் உட்காரவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தெமோதரை வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தோட்டத்து மேனேஜரான தொரையோடு நான் ஒரு நாளும் பேசியதில்லை. ஊசி வேண்டாம் என்று யாரிடமும் சொன்னதுமில்லை. நான் ஒன்றுமே சொல்லவில்லை. வந்த வினை எல்லாம் அதனால்தான்.

நாங்கள் இருப்பது பழைய லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் நடுக் காம்பரா. மகள் கொழுந்து எடுக்கிறாள். மருமகனுக்குத் தேயிலைப் பெக்டரியில் வேலை. நான் மலை வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. சோறாக்குவேன், விறகு பொறுக்குவேன், லயத்துக்கே பொதுவான பீலியில் தண்ணீர் பிடிப்பேன். இருப்பது ஓர் அறையும் குசினியும்தான் என்றாலும் மருமகன் வந்தால் நான் குசினிக்குள் போய்விடுவேன். அவர் முன்னால் கதிரையில் உட்காரமாட்டேன், நேருக்கு நேர் பேசமாட்டேன். என் அம்மா என் புருஷன் முன்னால் அப்படித்தான் இருந்தார். அவரும் மரியாதை தெரிந்த மனுஷன். எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். "சுடுதண்ணி இருக்குமா" என்று சுவரைக் கேட்பார். நான் தண்ணீரைச் சூடாக்கி வாசற்படியில் வைப்பேன். மகளைக் கட்டிக் கொடுத்த நாளில் இருந்து இப்படித்தான் போகிறது. எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது கிடையாது.

கொரோனா வந்து, பக்கத்துத் தோட்டத்தில் செத்தவர்களைச் சொந்தக்காரர் முகம் பார்க்காமலே கொண்டுபோனபோது நான் பேரப் பிள்ளைகளை வாசலைத் தாண்ட விடவில்லை. ஊசி வருகிறது என்றதும் நிம்மதியாகத்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாம், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தையை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் வைத்து வரிசையாக ஊசி போட்டுத்தான் வளர்த்தோம். பிள்ளை அழுதால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலைக் காட்டியவள் நான். ஊசிக்கு நான் விரோதி இல்லை.

பள்ளிக்கூடத்து ஹோலில் போடுகிறார்கள் என்று சொன்னார்கள். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் நான் படித்த பள்ளிக்கூடம்தான் அது. கோயிலுக்குக் கட்டுகிற சீலையைக் கட்டிக்கொண்டு போனேன். ஜாக்கெட்டு நானே கையால் தைத்தது. கொழுந்து எடுக்கிறவர்கள் ஜாக்கெட்டின் கையை முழங்கை வரைக்கும் இறுக்கிப் பிடித்துத் தைப்போம். தொளதொளவென்று விட்டால் தேயிலைக் கொப்பு மாட்டிக் கிழிக்கும், மழைத்தண்ணீர் அக்குள் வரைக்கும் ஏறும். மலையை விட்ட பிறகும் அதே அளவுக்குத்தான் என் கை தைத்துப் பழகியிருந்தது. அந்தக் கை மேலே சுருளாது. தோளைக் காட்ட வேண்டுமென்றால் முன்னால் கொக்கியைக் கழற்றி, ஜாக்கெட்டையே ஒரு பக்கம் இறக்க வேண்டும். வரிசையில் போய் நிற்கும் வரைக்கும் இது எனக்கு உறைக்கவில்லை.

உள்ளே ஜன்னல் ஓரம் ஒரு மேசை. மிஸ்ஸி ஒருவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரித் தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். மறைப்பு என்று ஒரு துணி கூடக் கட்டவில்லை. எதிரே வாங்குகளில் ஊசி போட்டுக்கொண்ட ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவளுக்கும் என்னைப் போல இறுக்கமான கை. மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. மிஸ்ஸி தன் தோளைத் தட்டிக் காட்டினார். அவள் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு கொக்கியைக் கழற்றினாள். வாங்கில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனியாதவர்களும் இருந்தார்கள்.

அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று, "அடுத்த ஆள் வாங்க, அடுத்த ஆள்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது என் மருமகன். தோட்டத்து ஆபீஸில் அவரை அன்றைக்கு அந்த வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. அவர் என்னைக் கண்டதும் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து, "வயசான ஆளுங்கள நிக்க வைக்காதீங்க, முன்னுக்கு விடுங்க" என்றார். மரியாதைக்காகத்தான் சொன்னார். எல்லோரும் விலகி எனக்கு வழிவிட்டார்கள். மேசைக்கும் எனக்கும் நடுவில் ஆளே இல்லை.

நான் திரும்பி வெளியே வந்துவிட்டேன். பின்னால் யாரோ, "ஆத்தா, ஏன் போறீங்க, ஊசி வேணாமா?" என்று கேட்டார்கள். நான் கையை மட்டும் ஆட்டினேன். பிறகு போட்டுக்கொள்ளலாம், இப்போது விடுங்கள் என்று ஆட்டினேன். அந்தக் கையாட்டல் நான் லயத்துக்கு வந்து சேரும் முன்னமே வேறு பேச்சாகிவிட்டது.

அன்றைக்குப் பின்னேரம் பீலியடியில் கூட்டம். எங்கள் காம்பராவுக்கு நேரே கீழேதான் பீலி. நான் குசினி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் எல்லாம் கேட்டது.

"ஆத்தாவ யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றார் தொழிற்சங்கத்துத் தலைவர். "அவங்க ஒடம்பு, அவங்க இஷ்டம். படிக்காத பொம்பளைக்கு இருக்கிற துணிச்சல் நமக்கு இல்ல."

"இஷ்டமுன்னா காம்பராவுக்குள்ளயே இருந்துக்கிடச் சொல்லுங்க தலைவரே" என்றார் மலையில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை. "இருமிக்கிட்டு பீலிக்கு வந்தா மத்தவங்க ஒடம்பு யாரு இஷ்டம்?"

"அது வேற, இது வேற."

"என்னா வேற? ஒரே பீலி, ஒரே கக்கூசு. நான் ஒண்ணு சொல்லிப்புட்டேன். அடுத்த தடவ ஊசிக்காரங்க வாறப்பவும் போடாத ஆளு இருக்கிற காம்பராவுக்கு பெரட்டுல பேர் இல்ல."

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். ஒரு நாள் வேலை கொடுத்தால் பேர் போட்டது என்போம். பேர் இல்லை என்றால் அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. எங்கள் காம்பராவில் பெரட்டுக்குப் போகிறவள் என் மகள்தான்.

தலைவர் பேசும்போது அவர் சொல்வது சரி என்று பட்டது. கணக்கப்பிள்ளை பேசும்போது அவர் சொல்வதும் சரி என்று பட்டது. என் உடம்பைப் பற்றி அவ்வளவு பேசினார்கள். ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னவென்று சொல்வது? ஜாக்கெட்டுக் கை இறுக்கம் என்று ஆம்பளைகள் நிற்கிற பீலியடியில் எப்படிச் சொல்வது?

கூட்டம் கலைந்த பிறகு கோடிக் காம்பரா அக்கா வந்தாள். என்னைவிட மூத்தவள். அவள் காம்பராவில் இருந்து பெரட்டுக்குப் போக ஆள் இல்லை. ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள் நாங்கள்.

"ஏன்டி, ஒன்னய நான் வாயில்லாப் பூச்சின்னு நெனச்சிருந்தேன். கள்ளி."

"சும்மா இருக்கா."

"நானும் போடமாட்டேன். எனக்கு பயமா இருந்திச்சு, தனியா எப்படி நிக்கிறதுன்னு. இப்ப நீ இருக்க, அது போதும்."

அக்காவுக்கு மெய்யாகவே காரணம் இருந்தது. நாங்கள் பிள்ளை பெறுகிற வயதில் ஒரு நாள் லொறி வந்தது. பிள்ளை போதும் என்று செய்கிற ஆபரேஷனுக்கு. மலையில் இருந்து இறங்கிய பொம்பளைகளைக் கூப்பிட்டு ஏற்றினார்கள். சம்மதமா என்று கேட்கவில்லை. அக்காவுக்கு அப்போது இருந்தது ஆம்பளைப் பிள்ளைகள். ஒரு பொம்பளைப் பிள்ளை வேண்டும் என்று கோயிலில் தொட்டில் கட்டியிருந்தாள். லொறி போகிற வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். நானும் அதே லொறியில்தான் இருந்தேன். எனக்கும் சம்மதம் இல்லைதான். ஆனால் நான் அழவுமில்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி ஏத்தமாட்டானுங்க, இல்ல?" என்று கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது மகள் என்னைக் கேட்டாள்.

"ஏம்மா போடாம வந்த?"

"தல சுத்துச்சு."

"தல சுத்துன ஆளு மேட்டுல அம்புட்டு வேகமா நடந்து வந்தியாம்."

அறையில் இருந்து மருமகன் சுவரிடம் பேசினார். "ஊரெல்லாம் வாங்க வாங்கன்னு நாந்தான் கூப்பிட்டேன். நம்ம வீட்டு ஆளே திரும்பிப் போனா என் மூஞ்சிய நான் எங்க கொண்டுபோயி வைக்கிறது. கட்டாயம் போடணும். இதுல என்னா இஷ்டம் வேண்டிக் கெடக்கு."

சோற்றுத் தட்டை அப்படியே மூடி வைத்தேன். அவரிடம் போய், நீங்கள் அங்கே நின்றதால்தான் திரும்பினேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த மனுஷன் அதற்குப் பிறகு வீட்டுக்குள் எப்படி நடமாடுவார்?

ஊசிக்காரர்கள் மறுபடி வருவதற்கு இன்னும் சில நாள் இருந்தது. ஆனால் கணக்கப்பிள்ளை அதுவரைக்கும் பொறுக்கவில்லை. ஒரு காலையில் மகள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். கூடையில் ஒரு இலை கூட இல்லை. கூடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலைக்கயிற்றை உருவி, நனையாத அந்தக் கயிற்றை வெயிலில் காயப் போட்டாள். என்னைத் திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாரும் மலைக்கு ஏறிட்டாங்க" என்றாள். "என்னைய மட்டும் நிக்கச் சொல்லிட்டாரு. ஒங்கம்மாவ இஷ்டப்படி வச்சிக்கிட்டு நீயும் இஷ்டப்படி வீட்டுல இருன்னு, எல்லாருக்கும் முன்னால."

"நாளைக்கும் அப்படியா?"

"நீ போடுற வரைக்கும்."

பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால் பேரப் பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மகள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகனின் சம்பளத்தை மட்டும் வைத்து அந்த மாதம் ஓடாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்ல ஆரம்பித்தேன், நிறுத்தினேன். பிறகு ஜாக்கெட்டுக் கையை இழுத்துக் காட்டினேன். அது மேலே ஏறவில்லை.

அவளுக்கு விளங்கவில்லை. "என்னா, கை வலிக்குதா?"

"சுருட்ட ஏலாது. கொக்கிய கழத்தணும்."

என் கையையும் கொக்கியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கா?"

"அங்கன ஒம்புருஷன் நின்னாரு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இதச் சொல்றதுக்கு என்னம்மா ஒனக்கு" என்றவள் குரல் உடைந்துபோய் உள்ளே எழும்பிப் போனாள். பிளேடு ஒன்றைக் கொண்டு வந்தாள். நான் போட்டிருந்த ஜாக்கெட்டிலேயே, தோளுக்குக் கீழே தையலைப் பிரித்தாள். பிரிக்கும்போது, "அப்பாவோட பழைய சட்டைய போட்டுட்டுப் போயிருக்கலாமே" என்றாள். "உள்ளுக்கு ஒண்ணும் போடாமயா?" என்று கேட்டேன். அதற்குத்தான் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். பேர் இல்லாமல் போன அந்த நாளை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

மறுநாள் ஊசிக்காரர்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தேயிலைக்குள் குறுக்கு வழியாக என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் குறைவு. முந்தானையை விலக்கிப் பிரித்த இடத்தைக் காட்டினேன். மிஸ்ஸி அந்த ஓட்டையைப் பார்த்து, "ஹொந்தாய், அம்மே" என்றார். நல்லது என்றார். கட்டெறும்பு கடித்த அளவுக்குக் கூட வலிக்கவில்லை. இதற்காகவா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

அதற்கடுத்த காலை என் ஊசி அட்டையைக் காட்டியதும் மகளுக்குப் பேர் போட்டார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியதை வாசலில் நின்று பார்த்தேன். அத்தோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. "புள்ள வயித்துல அடிச்சு, பயங்காட்டி ஊசி ஏத்திப்புட்டானுங்க" என்று தலைவர் சொல்லித் திரிந்தார். "கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சேன், வழிக்கு வந்திருச்சு" என்று கணக்கப்பிள்ளை சொன்னார். ரெண்டு பேச்சும் லயம் லயமாகப் போனது. ரெண்டும் முழு உண்மை இல்லை என்று தெரிந்தவர்கள் நானும் மகளும்தான். மருமகனுக்கு அவள் என்ன சொன்னாளோ தெரியாது. அவர் சுவரைப் பார்த்து, "கை வீங்கியிருந்தா ஈரத்துணி வைக்கணும்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஆபீஸில் அந்த வேலைக்குக் கூப்பிட்டபோது போகவில்லை.

கோடிக் காம்பரா அக்கா சில நாளாகப் பீலிக்கு வரவில்லை. நான் அவள் குடத்திலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் வாசலில் வைத்தேன். உள்ளே இருந்தே பேசினாள்.

"தண்ணியெல்லாம் வேணாம். ஒன்ன நம்பித்தான் நின்னேன். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல."

அப்போதுதான் அவளிடம் எல்லாம் சொன்னேன். ஜாக்கெட்டு, மருமகன், கையாட்டினது, எல்லாம். அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். "அடிப் பாவி, ஒரு முழத் தையலுக்காடி இந்த ஊரே ரெண்டுபட்டுச்சு" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப அன்னைக்கி லொறியில நீ பேசாம வந்ததும் இப்படித்தானா? நான் அழுதேன். நீ கம்முன்னு வந்த. இவளுக்கு சம்மதமுன்னு நெனச்சேன். இவளே சம்மதிச்சிட்டா நான் மட்டும் என்னத்த அழுவுறதுன்னு அழுகைய நிறுத்திட்டேன்."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது அவளுக்காகப் பிடித்த தண்ணீர் என்பது கூட மறந்துபோய்விட்டது.

ஊசி கட்டாயமா, அவரவர் இஷ்டமா என்று இன்றைக்கும் பேச்சு வந்தால் என் பக்கம்தான் பார்க்கிறார்கள். ஒரே பீலியில் தண்ணீர் குடிக்கிற இடத்தில் எல்லோரும் ஊசி போடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். என் மகளின் பேரைப் பிடித்துவைத்துக்கொண்டு என் தோளில் குத்துவது நல்லது என்று நினைக்கவில்லை. ஆனால் இஷ்டம் என்று சொல்லுகிறவர்கள் வாய் இருக்கிறவர்கள். வாய் வராதவளின் இஷ்டத்தை வருகிறவர் போகிறவர் எல்லாம் எடுத்துத் தங்களுக்குத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். என்னை யாராவது ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு வேணுமா, வேணாமா, என்ன தடை" என்று கேட்டிருந்தால் போதும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் ஒரு நாள் கேட்டார்கள். மூன்றாவது ஊசி வந்தபோது கட்டாயம் எல்லாம் தணிந்துபோயிருந்தது. பெரட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளை மடுவத்தில் வைத்துப் போட்டார்கள். வந்தது தமிழ் பேசுகிற மிட்வைஃப் அம்மா. நான் விடிந்ததும் முதல் ஆளாகப் போய், என் பழைய சீலை ஒன்றையும் கயிறு ஒன்றையும் அவர் மேசையில் வைத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார். எழும்பி, கயிற்றை ரெண்டு ஜன்னலுக்கு நடுவே கட்டிச் சீலையைத் தொங்கவிட்டார்.

கோடிக் காம்பரா அக்காவும் வந்தாள். எனக்குத் துணைக்கு வந்தேன் என்றாள். ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் சீலைக்குப் பின்னால் போனோம். மிட்வைஃப் அம்மா முதலில் அவளைக் கேட்டார்.

"போடுறீங்களா அம்மா?"

"வேணாம்" என்றாள் அக்கா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"சரி. மனசு மாறுனா எப்பவும் வாங்க." அவ்வளவுதான். திட்டவும் இல்லை, பேரை வெட்டவும் இல்லை. அக்கா இதுவரை ஊசி படாத தன் தோளை ஒருதரம் தடவிக்கொண்டு, என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

மிட்வைஃப் அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க? ஒங்களுக்கு இஷ்டமா?"

எனக்கு இஷ்டம்தான். ஊசி வேண்டும் என்றுதான் விடிய எழும்பி வந்தேன். ஆமாங்க என்று ஒரு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அக்கா காத்திருந்தாள். சீலைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருமுவது கேட்டது. நான் நாக்கை அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"அம்மா, நான் சும்மா கேக்கல. நீங்க சொன்னாத்தான் போடுவேன்."

முகமெல்லாம் சூடாகிவிட்டது. நான் ஜாக்கெட்டில் தையல் பிரித்திருந்த இடத்தை விரலால் விலக்கிக் கையை நீட்டினேன். அவர் ஊசியை எடுக்கவில்லை. கடைசியில் அக்காதான், "அவளுக்கு வேணுமாம், போடுங்க" என்று எனக்காகச் சொன்னாள்.